நாலு பேரில் மீதி இரண்டு பேர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சௌகரியம். எல்லாரும் என்றால் நான். அங்கே உன் மூச்சும் என் தங்கையின் பொறுமையும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுத்துக்கொண்டு இருக்கும் என்று நம்புகிறேன். போனில் நாலு வார்த்தை பேசினாலே உனக்கு இரைக்கிறது, இனிமேல் எதுவானாலும் எழுதிப் போடு என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். தங்கையைக் கட்டியவனை முறைப்படி 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும். கல்யாணத்தன்று ஒரு தடவை "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று நீ திரும்பிப் பார்த்தாய். அந்த மரியாதை அன்றோடு முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நம் பாட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொள்ளப் போகிறேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் மடங்கியே கிடக்கின்றன. வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்கின்றன. டாக்டர், "இந்த வயசுல கிட்டார் எதுக்கு சார்?" என்றார். கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார் என்று திருத்தினேன். "அது இன்னும் தடிச்ச கம்பியாச்சே" என்றார். விஷயம் தெரிந்தவர்.

சங்கு போய்ச் சேர்ந்தான். அவன் தொண்டையை நம்பித்தான் நாம் மைக் வாங்காமலே முதல் வருஷத்தை ஓட்டினோம். நெட்டையும் போய்விட்டான். ஊரையே செவிடாக்கிய கிட்டார்க்காரன் கடைசிக் காலத்தில் காது கேட்கும் கருவி விற்றதைத் தொழில் நேர்மை என்றுதான் சொல்வேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நம் ரசிகர்கள். நீ நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிற காற்றைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய். மேடையில் மிச்சம் நான்தான். அறிவிப்பாளர் இப்போதும் "அசல் உறுப்பினர்கள்" என்றுதான் சொல்கிறார். மரியாதைப் பன்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் நின்றுவிட்டால் நாலு பேருமே புதியவர்கள். அதே பெயரில் குழு தொடரலாமா கூடாதா என்பதுதான் இப்போது கேள்வி. மேனேஜருக்கு இதில் சந்தேகமே இல்லை. நம் பழைய மேனேஜரின் மருமகன், நீ பார்த்ததில்லை. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் சார்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் எந்த யானை என்று கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு, "பற்பசை கம்பெனிய ஆரம்பிச்சவர் எப்பவோ செத்துட்டாரு. அதுக்காக இன்னிக்குக் காலைல நீங்க பல்லு விளக்காம வந்தீங்களா?" என்றார். விளக்கினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ரசிகர் சங்கங்கள் இப்போது இரண்டு. சங்கு இறந்த அன்றே குழு செத்துவிட்டது என்கிறது ஒன்று. இல்லை, அதற்கு முன்பே, நீ விலகிய அன்றே செத்துவிட்டது என்கிறது இன்னொன்று. செத்த தேதியில்தான் தகராறு. செத்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு சங்கமும் எல்லாக் கச்சேரிக்கும் முன்வரிசையில் டிக்கெட் எடுக்கின்றன.

மேனேஜர் நினைத்த மாத்திரத்தில் செய்துவிட முடியாதபடி குறுக்கே நிற்பது சங்குவின் வாய்தான். டயர் கடை மாடியில் ஒத்திகை பார்த்த காலத்தில் நாம் பேசி வைத்ததை அவன் மேடையிலேயே சொல்லித் தொலைத்தான். "நாங்க நாலு பேர். உசுரோட இருக்கற எவனாவது ஒருத்தன் வேணாம்னு சொல்லிட்டா இந்தப் பேரு கிடையாது. எல்லாரும் சரின்னாத்தான் சரி." அது ரெக்கார்டில் இருக்கிறது. ரசிகர்கள் அதைப் பாட்டின் பகுதி என்று நினைத்துக் கூடவே சொல்கிறார்கள். ஆக, உன் சம்மதமும் என் சம்மதமும் வேண்டும். வேறு யாரும் மிச்சமில்லை.

புதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடுகிறவர் பகலில் விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று எழுதிக்கொடுக்கிற உத்தியோகத்தில் இருக்கிறார். மாலையில் நம்மோடு இருக்கிறார். பெரிய மாற்றம் தெரியாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று முதலில் நினைத்தேன். தப்பு, மனுஷர் நன்றாகவே பாடுகிறார். ஆனால் மூன்றாம் பாட்டில் சங்கு தண்ணி போட்டுவிட்டு ஒரு வரியை விழுங்குவானே, இவரும் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு அதே வரியை விழுங்குகிறார். அந்த வரி இருக்கிறது, நல்ல வரி, பாடுங்கள் என்றேன். "ஒருநாள் பாடிப் பாத்தேன் சார். பாட்டக் கெடுக்காதேன்னு கத்தறாங்க" என்றார்.

உன் இடத்தில் டிரம்ஸ் வாசிப்பவன் தினமும் காலையில் நீச்சல் அடிப்பவன். நெஞ்சு கதவு மாதிரி இருக்கும். அவன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை இருமுகிறான். குச்சிகளைத் தட்டி எண்ணித் தொடங்குவதுதானே உலக வழக்கம்? நீ இருமித் தொடங்குவாய், நாங்கள் பிடித்துக்கொள்வோம். அது தாளக் கணக்கு இல்லையப்பா, கீழே டயருக்கு ஒட்டுப் போடுகிற பசையின் நெடி, என் மாப்பிள்ளைக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை என்று அவனிடம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டான். "தெரியும் சார். ஆனா இருமாம ஆரம்பிச்சா கை வரமாட்டேங்குது" என்றான்.

போன மாதக் கச்சேரியன்று என் விரல்கள் வெந்நீருக்கும் மசியவில்லை. எனக்கு விரல் பயிற்சி கொடுக்கும் பெண் பிசியோதெரபிஸ்ட், நன்றாக பேஸ் வாசிப்பாள். நம் பாட்டு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அவளை நிற்க வைத்துவிட்டு நான் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, இதை யோசித்துப் பார். நம் குழுவை நான் முன்னாலிருந்து கேட்டதே கிடையாது. ஆயுசு முழுக்க உன் இடது பக்கம் நின்றவன். என் வரைக்கும் நம் சங்கீதம் என்பது உன் டிரம்ஸின் பித்தளைத் தாம்பாளச் சத்தமும், அதற்கு அப்பால் தூரத்தில் யாரோ சண்டை போடுவதும்தான். அன்றுதான் தெரிந்தது, அந்தச் சண்டையில் ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது. இரண்டாம் பாட்டில் நெட்டை போட்டு வைத்த கிட்டார் வேலையை இன்னொருவன் கையில் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறான். அவன் இருந்தபோது இது தெரியாமல் போனது நல்லதே; தெரிந்து பாராட்டியிருந்தால் அவனைத் தாங்கியிருக்க முடியாது.

கச்சேரி ஆரம்பித்ததை இன்னும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தார்கள். அவன் மைக்கில் இரண்டு தடவை இருமினான். உடனே அரங்கம் முழுக்க இரண்டு தடவை திருப்பி இருமியது. ஆண், பெண், குழந்தை குட்டி, அத்தனை பேரும். மேடையில் நிற்கும்போது இது கைதட்டலோடு கலந்து ஏதோ இரைச்சலாகத்தான் என் காதில் விழுந்திருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னை முழங்கையால் இடித்து, "என்ன சார், புதுசா? இருமுங்க" என்றார். வரவில்லை என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "ரெண்டே ரெண்டு. வறட்டு இருமல். நெஞ்சுலேருந்து வரணும்" என்று இருமிக் காட்டினார். அவர் மனைவி, "விடுங்க, பாவம் பெரியவர்" என்றாள். நானும் இருமினேன். இரண்டாவது சரியில்லை என்றார் அவர்.

அப்போது எனக்கு, நீ இப்போது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாய் என்று தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்தது. டாக்டர் உன்னை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் அவளிடம் தனியாகப் பேசினார் என்றும் சொன்னாள். என்ன பேசினார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் அப்படித்தான். இந்தக் கடிதத்தை அவள் உனக்குப் படித்துக் காட்டினால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுவாள். பரவாயில்லை, அடுத்ததைக் கேள்.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண் வந்து எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாயிருந்தது, ஆனால் கடைசிப் பாட்டில் கீழே இறங்கும்போது சுண்டு விரலை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும் என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன். "நீங்க அங்க அழுத்தறதே இல்லையே சார்" என்றாள். வராத விரல் எது, எந்த இடத்தில் வராது என்று பார்த்து, அதையும் சேர்த்தே வாசித்திருக்கிறாள். ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியக்கூடாதாம். உன் இருமல், சங்குவின் தண்ணி, என் மூட்டுவலி எல்லாவற்றையும் ஆரோக்கியமான மூன்று பேர் பொறுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாம் குழந்தை பெற்று வளர்த்திருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது.

அதனால் நான் சரி என்று சொல்லிவிட்டேன். தொடரட்டும். வேண்டாம் என்று சொல்ல நினைத்துத்தான் மேனேஜர் அறைக்குப் போனேன். ஆனால் மேடையில் நான் விட்டுப் போன இடம் ஒரு நிமிஷம்கூடக் காலியாகத் தெரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது பொறாமை. பொறாமைப்பட எனக்கு உரிமை உண்டு. அதில் நியாயம் இருக்கிறது என்று நிரூபிக்கத்தான் முடியாது.

மீதி உன் சம்மதம். வரும் கோடையில் பல ஊர்களில் கச்சேரிக்கு மேனேஜர் ஏற்பாடு செய்கிறார். அந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரி வேலையில் நீண்ட விடுப்பு கேட்கலாமா வேண்டாமா என்று காத்திருக்கிறாள். மாதக் கடைசிக்குள் உன் முடிவு தெரிய வேண்டுமாம். நேரே உனக்கே போன் போடுகிறேன் என்றார். அவருக்கு மூச்சு வாங்காது, உனக்கு வாங்கும் என்று சொல்லித் தடுத்தேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க சார். அவரு பதில் சொல்ற நிலைமையில இல்லாமப் போயிட்டா?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. உனக்கு என்ன பழம் பிடிக்கும் என்றும் அடுத்த மூச்சில் கேட்டார். ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் சரி என்றால் போதும் என்ற சங்குவின் சட்டத்தை அவர் மனசுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டார். நான் அதை அவர் முகத்தில் பார்த்தேன்.

என் தங்கை புருஷன் எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுக்கிறவன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். சரி என்றும் எழுதாதே, வேண்டாம் என்றும் எழுதாதே. இந்த மாதக் கடைசிக்குள் கண்டிப்பாக எழுதாதே. யோசி. இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்; இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு வருஷம் யோசித்தாலும் யாரும் உன்னைக் கேட்க முடியாது. நாலு வருஷம் ஆனாலும் சரி. கோடைக் கச்சேரிக்கு நானே போகிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றாள். மூன்று விரல் இருக்கிறது எனக்கு. நம் பாட்டுகளில் பாதிக்கு இரண்டே போதும். அதை நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியப்படுத்தாதே. நீ யோசித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் நிற்பேன்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. தங்கச்சி திட்டினால் திட்டட்டும், எதிர்த்துப் பேசி மூச்சை வீணாக்காதே. மேனேஜர் கேட்கும்போதெல்லாம், மாப்பிள்ளை இன்னும் முடிவு சொல்லவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாக்கியத்தை எனக்குக் கொடு.

அவசரமில்லாமல்,
உன் மச்சான்