அப்பா மாற்றலாகி வந்த ஊர்

ஜூலை 1, திங்கள்

எங்களைப் போன்ற மிஷன் ஊழியக்காரிகளுக்கு வாரத்தில் ஓய்வு இந்த ஒரு நாள்தான். துணி அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். “எதிர்ச் சபைக்குப் புதுப் போதகர் கப்பல்ல வந்து இறங்கிட்டாரு. ஹவேயாவாம். உனக்குச் சொந்தமா?”

“ஆமா. அப்பா.”

அவள் தலை சட்டென்று மறைந்தது. இந்நேரம் லிஃபுகா தீவு முழுக்கத் தெரிந்திருக்கும்.

மூன்று வருஷம். அம்மா இறந்த வருஷம் நான் மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டோங்காவில் எத்தனை தீவு! நான் ஊழியம் செய்யும் இந்தத் தீவுக்குத்தானா அவரை அனுப்ப வேண்டும்?

ஜூலை 3, புதன்

எங்கள் மிஷன் தலைவர் தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். “சிஸ்டர் ஹவேயா, உனக்குச் சங்கடமா இருந்தா வேற தீவுக்கு மாத்திடறேன்மா. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.”

“நான் முன்னாடி வந்தேன் தலைவரே. போகணும்னா அவர் போகட்டும்.”

 சரி என்றார். சிஸ்டர் லெயவாசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமோவாக்காரி, என் ஊழியத் துணை. எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்பது விதி. ஆக, என் சண்டையெல்லாம் அவளுக்கும்தான்.

ஜூலை 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, நோன்பு. வெறும் வயிறு. சாலைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல். வீட்டை விட்டு ஓடின பிள்ளைகள், தகப்பன் மூஞ்சியில் கரி — என் பேரைத் தவிர எல்லாம் சொன்னார். எங்கள் சபையில் நாற்பது பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, யாரும் சொல்லாமலேயே, பாட்டை ஆரம்பித்தேன். தொண்டை இன்னும் எரிகிறது. எரியட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ஃபாத்தாய் அக்கா வீடு. பாய் முடைகிறவர், அப்பாவின் சபைப் பாட்டுக்குழுவில் அவர்தான் முதல் குரல். புருஷன் போன வருஷம் கடலட்டை எடுக்க முங்கியவர், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒரு மாதமாக வாரம் இரண்டு முறை அவருக்குப் பாடம் சொல்கிறோம். கவனமாகக் கேட்கிறார்; எங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாது, அதைத்தான் அவரால் விட முடியவில்லை. “உங்க கடவுளுக்கு டீ மேல என்னடி அவ்வளவு கோபம்?” என்றார்.

கிளம்பும்போது, “ஞானஸ்நானம் எடுக்கறீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“யோசிக்கிறேன்.”

ஜூலை 11, வியாழன்

வாரத் திட்டம் போடும் நாள். குறிப்பேட்டில் எழுதினேன்: ஃபாத்தாய், ஞானஸ்நானம், ஜூலை 27.

“அவங்க தேதி சொல்லலையே?” என்றாள் லெயவாசா.

“சொல்லுவாங்க.”

எங்கள் குழுத் தலைவன் எல்டர் கினிகினி, என்னைவிட மூன்று வயது சின்னவன், தொலைபேசியில் துள்ளினான். “போதகரோட முதல் குரலா? பிரமாதம் சிஸ்டர்!” எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. அவருடைய முதல் குரல்.

ஜூலை 16, செவ்வாய்

அப்பா அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். ‘பாட்டுக்குழுவுல இருக்கணும்னா அந்தப் பொண்ணுங்களை உள்ள விடாதே’ என்று சொன்னாராம்.

நேரே போதகர் வீட்டுக்கு நடந்தேன். “வேணாம் சிஸ்டர், வேணாம்” என்றபடியே லெயவாசா பின்னால் ஓடி வந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பாத்திரம் எடுக்க வந்த பெண்ணிடம் சொன்னார்: “வாசல்ல நிக்கிறது யாருன்னு கேளு.”

“உங்க மக.”

“எனக்கு மக இல்லைன்னு சொல்லு. அவ நெஞ்சுல ஏதோ பேர் குத்தியிருக்காளே, அதைப் படிச்சுச் சொல்லு.”

அந்தப் பெண் என் சட்டையில் குத்தியிருந்த பேர்ப்பட்டையைப் பார்த்தாள். அவள் படிக்குமுன் நானே சொன்னேன். “ஹவேயா. உங்க பேர்தான். நீங்க கொடுத்தது. கழட்ட மாட்டேன்.”

சாப்பிடுவதை நிறுத்தினார். அவ்வளவுதான்.

 சொல்லிவிட்டேன்! மூன்று வருஷமாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா எப்படிப்பட்டவர், அவருக்குப் பயப்படாதீங்க, 27-ஆம் தேதி வந்து ஊருக்குக் காட்டுங்க என்று.

அக்கா முடைவதை நிறுத்தினார். “27-ஆம் தேதியா? யார் சொன்னது?”

கையிலிருந்த குறிப்பேட்டை மூடினேன்.

“உங்கப்பா வந்தாரு. ஒரு மணி நேரம் உன்னைப் பத்தியே பேசினாரு. இப்ப நீ வந்து ஒரு மணி நேரமா அவரைப் பத்தியே பேசற. செத்தவன் என் புருஷன்டி. என்னைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு ஞானஸ்நானமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எழுந்து போங்க ரெண்டு பேரும்.”

லெயவாசாதான் மன்னிப்புக் கேட்டாள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

அக்கா சொன்னது சரி.

ஜூலை 22, திங்கள்

கினிகினியைக் கூப்பிட்டு, அந்தத் தேதி அக்கா சொன்னதல்ல, நானாக எழுதியது என்றேன். பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான்.

“சரி சிஸ்டர். அப்போ அந்த வீட்டை விட்டுடுங்க. கேக்கத் தயாரா இருக்கிற வீடுங்க எத்தனையோ இருக்கு.”

“விட மாட்டேன்.”

“பாடம் வேணாங்கறாங்களே?”

“பாடம் சொல்லப் போகல. வாரத்துல நாலு மணி நேரம் ஊருக்கு உதவி செய்யணும்னு நமக்கு விதி இருக்குல்ல? அதை அங்க செய்யறேன். அவங்க துரத்தினா வந்துடறேன்.”

ஜூலை 25, வியாழன்

துரத்தவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஒரு கட்டுத் தாழை ஓலையை என் பக்கம் தள்ளினார். கடலில் ஊறப்போட்டு எடுத்தது; காலை பூராவும் அலசிக் காயவைத்தோம்.

மத்தியானம் அவராகவே பேசினார். “எல்லாரும் கல்லறைக்குப் பூ கொண்டு போறாங்க. நான் எங்கடி போறது? கடலுக்கா?” புருஷன் பேர் விலியாமி. குறட்டை விடுவாராம். மீன் தலையை அவருக்கென்றே எடுத்து வைக்க வேண்டுமாம். முழுக்கக் கேட்டேன். குடும்பம் என்றென்றைக்கும் சேர்ந்திருக்கும் என்று நான் நம்புவது நாக்கு நுனி வரை வந்தது. அக்கா கேட்டால் சொல்வேன். இன்று கேட்கவில்லை.

வெறும் குழியாக இருந்தாலும் மயானத்தில் விலியாமிக்கு ஓர் இடம் வேண்டுமாம்.

ஜூலை 30, செவ்வாய்

ஓலை சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்பா வந்தார். கல்லறைக்கு ஜெபம் பண்ண அக்காதான் கூப்பிட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இவ வந்தா நான் வரமாட்டேன்.”

நான் எழப்போனேன். அக்கா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தார். “அப்போ நீங்க வேணாம் போதகரே. நானே ஜெபம் பண்ணிக்கறேன். பாட்டுக்குழுவுல இருந்து எடுக்கணும்னா எடுத்துக்கோங்க, குரல் என்னோடதுதான்.”

போதகரிடம் யாரும் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. நானே இவ்வளவு அமைதியாகப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

அக்கா, அவர் தம்பி, லெயவாசா, நான். கடற்கரையில் வெள்ளை மணலை மூட்டைகளில் அள்ளினோம். கல்லறை மேட்டில் பரப்ப. லெயவாசாவும் தம்பியும் ஒரு மூட்டையைத் தூக்கி முன்னால் போனார்கள். அக்கா கையில் பூக்கள்; என் மூட்டையின் மறுமுனைக்கு ஆள் இல்லை. இழுத்துக்கொண்டே போவது என்று தீர்மானித்து இரண்டடி இழுத்தேன்.

எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டி, கையில் வேதப்புத்தகத்தோடு அப்பா கரை மேட்டில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நான் நிறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. இறங்கி வந்தார். புத்தகத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மயானத்தை நோக்கி நடந்தோம். ஏற்றத்தில் எனக்குக் கை நழுவியது.

“உன் பக்கம் தாழுது. தூக்கிப் பிடி.”

பிடித்தேன்.