வலது கையில் ஐந்து வட்டங்கள்

அக்கா,

இன்று காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் செக்கு எண்ணெய்க் கடையைத் தாண்டிப் போனேன். எள் ஆட்டுகிற வாசனை தெரு முழுக்க நின்றது. மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் தோசையும் மிளகாய்ப் பொடியும் ஞாபகம் வரும். எனக்குக் கை அரித்தது. உங்கள் கை அரித்ததைப் பார்த்துப் பார்த்து என் கையும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. கடைக்காரர், "வாங்கம்மா, கண்ணு முன்னாடியே ஆட்டித் தர்றோம்" என்று கூப்பிட்டார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் எந்த எண்ணெய்க் கடையிலும் என்னால் நிம்மதியாக நிற்க முடிவதில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக் குடியிருந்தவர்கள் நாம். முதல் பத்து வருஷம் நமக்குள் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. கொல்லைப்புறக் கொடியில் யார் துணி முதலில் காய்வது என்பதற்கே இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் நான் உங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு நுழைந்தேன். உங்கள் பெண் கைக்குழந்தையோடு சென்னையில் இருந்தாள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆக, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு உங்களோடு ஆட்டோவில் ஏறுவது என் வேலையானது. மிச்ச நேரத்தில் என் ஜெராக்ஸ் கடை, என் பிள்ளைகள், படுத்த படுக்கையாகிவிட்ட நம் மாமியார். அந்த இரண்டு வருஷத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டை எண்ணிவிடலாம்.

ஊசி குத்துவதைக்கூடப் பொறுத்துக்கொண்டீர்கள். அரிப்பைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை. தோல் வறண்டு, வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு, முதுகைத் தூணில் வைத்துத் தேய்ப்பீர்கள். "ஏண்டி, மாடு தேய்க்கிற மாதிரி இருக்கா?" என்று நீங்களே கேட்டுச் சிரிப்பீர்கள். கடையில் விற்கிற லோஷன் எல்லாம் வாசனை போட்டது, பட்டால் எரிந்தது. வெறும் எண்ணெய் தடவினால் பிசுபிசுப்பு, புடவையெல்லாம் கறை. வீட்டிலேயே லோஷன் செய்து போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வாசனை எதுவும் சேர்க்காதீங்க. முதல்ல கையில கொஞ்சம் வச்சுப் பாத்துட்டு அப்புறம் போடுங்க" என்றார்.

இடது கை ஊசிக்கென்று ஒதுக்கிய கை, அதைத் தொடக் கூடாது. அதனால் வலது கையின் உள்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஐந்து வட்டம் போட்டேன். தேங்காய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஆலிவ், பாதாம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு. மறுநாள் ஆட்டோவில் போகும்போது முந்தானையை விலக்கி இருவரும் சேர்ந்து பார்த்தோம். நல்லெண்ணெய் வட்டம் சிவந்து தடித்திருந்தது. தேங்காயெண்ணெய் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அந்த வாசனை உங்களுக்குக் குமட்டியது. விளக்கெண்ணெய் பசை மாதிரி அப்படியே நின்றது. ஆலிவ் பரவாயில்லை. பாதாம் வட்டம் மட்டும் பச்சைப் பிள்ளையின் தோலாட்டம் மிருதுவாக இருந்தது. "பாத்தியா, எனக்குப் பிடிச்சதெல்லாம் பணக்காரச் சாமானாத்தான் இருக்கும்" என்றீர்கள். அது பிரான்சிலிருந்து லீவில் வந்த உங்கள் அண்ணன் கொண்டுவந்த பாட்டில். வாசனையே இல்லாத சுத்தமான எண்ணெய்.

கொதிக்கிற தண்ணீரில் கிண்ணத்தை வைத்து, எண்ணெயில் தேன்மெழுகைக் கரைப்பேன். வேறொரு பாத்திரத்தில் காய்ச்சிய வெந்நீர். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு மோர் மத்தால் கடைய வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகத் திரிந்துவிடும். எத்தனை தடவை திரிந்ததோ! தண்ணீர் சேர்ந்த சாமான் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கடைய, நீங்கள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பீர்கள். அந்தப் பாதாம் லோஷனைத் தடவிய மூன்று மாதமும் நீங்கள் தூண் பக்கம் போகவில்லை. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பாட்டில் தீர்ந்தது. உங்கள் அண்ணன் இனி அடுத்த வருஷம்தான் வருவார். காரைக்காலில் கிடைத்த பாதாம் எண்ணெயை முகர்ந்தாலே சென்ட் அடித்தது. ஆலிவில் ஒருமுறை செய்தேன், திரிந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் திரிந்தது. அன்று மாமியாருக்கு வயிற்றுப்போக்கு. நான்கு தடவை படுக்கை மாற்றியிருந்தேன். சின்னவனுக்கு மறுநாள் பரீட்சை. சாமி மாடத்தில் விளக்குக்கு ஊற்றுகிற ஐந்து எண்ணெய்க் கலவை பாட்டில் கண்ணில் பட்டது. நல்லெண்ணெய், தேங்காய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் எல்லாம் அதில் இருக்கிறது. சாமிக்கே ஊற்றுகிறோம், அதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது என்று என் புத்தி சொன்னது. நல்லெண்ணெய் உங்களுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். பாட்டிலின் அடியில் விளக்கேற்ற மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்தும், மத்தை எடுத்தேன்.

"இது என்னடி, கோயில் வாசனை வருது?" என்று நீங்கள் கேட்டீர்கள். சொன்னேன். "சரி போடு, சாமியாவது என் தோலுல வந்து குடியிருக்கட்டும். வட்டம் போட்டுப் பாக்க வேணாமா?" என்றீர்கள்.

அப்போதுதான் நான் மத்தைத் தரையில் வீசினேன். "வட்டம் போட்டு, ஒரு நாள் காத்திருந்து, மறுபடி செஞ்சு... என்னால ஆவாதுக்கா! இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. போட்டா போடுங்க, போடாட்டி போங்க" என்று கத்தினேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது. நீங்கள் குனிந்து மத்தை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, லோஷன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குடி" என்றீர்கள். அதற்கு மறுநாளும் அதே பதில். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் போர்வை போர்த்தும்போதுதான் கால் இரண்டும் செக்கச்செவேல் என்று தடித்து நீர் கோத்திருப்பதைப் பார்த்தேன். பதறிப்போனேன். "இன்னைக்குத்தாண்டி இப்படி வந்துருக்கு, வெயில் ஒத்துக்கல போல" என்று என்னைச் சமாதானப்படுத்தினீர்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார். களிம்பு போட்டுப் பத்துப் பதினைந்து நாளில் அடங்கியது. வந்தது அடங்கிவிட்டதே என்று நானும் அதை மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஏழு மாதம் இருந்தீர்கள். ஒரு மார்கழிக் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. குளிப்பாட்டுவதற்கு முன் பெண்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். என் முறை வந்தது. கிண்ணத்தில் நல்லெண்ணெய். விரலில் தொட்டேன். என்னையறியாமல் உங்கள் வலது கையைத் திருப்பி, உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துவிட்டு, சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னடி பண்ற? தலையில வை, ஆளுங்க நிக்குறாங்க" என்று திருமலைராயன்பட்டினத்துச் சித்தி தோளைத் தட்டினார். வைத்தேன்.

கருமாதி முடிந்து உங்கள் போர்வையையும் மிச்சமிருந்த மாத்திரைகளையும் யாருக்காவது உதவட்டும் என்று டயாலிசிஸ் வார்டில் கொடுக்கப் போனேன். அந்தக் குட்டை சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்தத் தடிப்பைப் பற்றியும் சொன்னார். "மொத நாளே எரியுதுன்னு சொன்னாங்கம்மா. நெருப்பு மாதிரி எரியுதாம். கழுவிடுங்கன்னேன். 'எங்க ஓரகத்தி ரொம்ப கஷ்டப்பட்டுப் பண்ணிருக்கா சிஸ்டர், அவ அசந்து போயிருக்கா. ரெண்டு மூணு நாள்ல பழகிடும்'னாங்க. தினமும் தடவிக்கிட்டுத்தான் வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது அக்கா. திரும்பி வரும்போது ஆட்டோவில் உங்கள் இடம் காலியாக இருந்தது. நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து யார் என்னிடம் நல்லாயிருக்கிறது என்று சொன்னாலும் நான் நம்புவதில்லை. ரசம் நன்றாயிருக்கிறது என்று இவர் சொன்னால், நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்கிறேன். மாமியாருக்கு உடம்பு துடைக்கும்போது வெந்நீர் சுடுகிறதா என்று கேட்டுவிட்டு, அவர் இல்லை என்று தலையாட்டினாலும் முகத்தைப் பார்க்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்த நாலு நாளைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். எரிகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஓடி வந்து துடைத்துவிட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று நான் இருந்த களைப்புக்கு, மறுபடியும் கத்தியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.