மூன்றாம் கோபுரத்தில் ஒற்றை ஆள்

அக்டோபர் 21
இன்றிலிருந்து மூன்றாம் தானியக் கோபுரத்துக்கு நான் ஒருத்திதான். கூட இருந்த ஓராஸை லாரி இறக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "உள்ள கோதுமைதான இருக்கு, ஓநாயா இருக்கு? ஒருத்தர் போதும், குல்சிம் அக்கா" என்றான் மேற்பார்வையாளன் ஷின்போலாத்.

அக்டோபர் 24
இந்த வருஷக் கோதுமை மழையில் நனைந்தே வந்தது. மேற்பரப்பு பாளமாக இறுகிவிட்டது. அடியில் இயந்திரம் கோதுமையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு சாண்கூட இறங்கவில்லை. அப்படியென்றால் நடுவில் என்ன இருக்கிறது? வெறும் காற்று.

அக்டோபர் 25
உச்சியில் இருக்கும் திறப்பு வழியாக நீளக் கம்பியை விட்டுத் தட்டினேன். காலிப் பானைச் சத்தம்.

அக்டோபர் 26
"உள்ள இறங்கி மிதிச்சு உடைங்க" என்கிறான் ஷின்போலாத். இடுப்புக்குக் கயிறு, அதைப் பிடிக்க மேலே ஓர் ஆள், அடி இயந்திரம் நிற்க வேண்டும் — மூன்றும் இருந்தால் இறங்குகிறேன் என்றேன்.
"அத நிறுத்துனா ரயில் பெட்டி காலியா நிக்கும். பயமா இருந்தா வீட்ல போயி மாவு பிசைங்க."
சிரித்தார்கள். ஓராஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 28
காலைத் தேநீர் குடித்துவிட்டு மேலே ஏறினால் திறப்பு திறந்து கிடக்கிறது. உள்ளே ஷின்போலாத். எனக்குச் செய்து காட்டவே இறங்கியிருக்கிறான் — யாரிடமும் சொல்லாமல், கயிறு இல்லாமல். பாளம் உடைந்து, மார்புவரை கோதுமை.
"அக்கா, இறங்குங்க! கையப் பிடிங்க!"
ரேடியோவில் கத்தினேன்: "ஓராஸ், இயந்திரத்த நிறுத்து! நிறுத்துடா!" நின்றது. கயிற்றை வீசினேன். அவன் விரலில் பட்டது. அதற்குள் சுவரில் ஒட்டியிருந்த மிச்சப் பாளம் மொத்தமாகச் சரிந்தது. பிறகு கோதுமை மட்டும்தான்.
உள்ளே இறங்கும் ஏணியில் ஒரு கால் வைத்தேன். எடுத்துவிட்டேன். ஐயோ, ஏன் எடுத்தேன்?

அக்டோபர் 29
கோபுரத்தின் பக்கச் சுவரை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். நாலு மணி நேரம்.

நவம்பர் 1
"நீயும் இறங்கியிருந்தா ரெண்டு பேர அறுத்து எடுத்திருப்போம்" என்கிறான் ஓராஸ். தெரியும். தெரிந்து என்ன?

நவம்பர் 3
ஷின்போலாத் வீட்டில் ஏழாம் நாள் சாப்பாடு. போகாமல் எப்படி இருப்பது? அவன் மனைவி அக்மாரல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.
"கடைசியா என்ன சொன்னாரு?"
"இறங்கச் சொன்னாரு. நான் இறங்கல."
என் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள். எங்கள் பக்கம் விளிம்புவரை ஊற்றினால் விருந்தாளி கிளம்பலாம் என்று அர்த்தம். பாதிதான் ஊற்றினாள்.
உட்கார்ந்திருந்தேன்.