லேப்டாப்புக்கு அண்ணன் வைத்த பொட்டு

என் ஸ்டெல்லா அண்ணிக்கு,

உங்கள் கலா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பாதி படிக்கும்போதே "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பதறிப்போவீர்கள். ஊரே படிக்கிற இடத்தில் வீட்டுக் கதையை எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். நீங்கள் இருந்திருந்தால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று நீங்களே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் முடிந்து, வீட்டில் மறுபடி பண்டிகை கும்பிடலாம் என்று ஆனபின் வந்த முதல் ஆயுத பூஜை. சந்தனம் குழைக்க ஆளில்லையே என்று நான் விழுப்புரத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி வந்துவிட்டேன். உள்ளே நுழைந்தால், உங்கள் வீட்டுக்காரர், அதுதான் என் அண்ணன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிக்சியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பூஜையன்று தன் லோடு வண்டியைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத மனுஷன்!

"நீ ஒதுங்கு கலா. இந்த வருஷம் எல்லாம் நான்தான் பண்ணப் போறேன். அவ இல்லன்னு இந்த வீட்ல எதுவும் நின்னுப்போச்சின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச?

எனக்கு உங்கள் முதல் ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று மூன்றில், கல்யாணமான புதிதில், மாதா கோயில் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா உங்களை அடுப்படியிலேயே இருக்கச் சொன்னார். நீங்கள் கேட்டீர்களா? தையல் மெஷினைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "எனக்கும் சோறு போடுறது இதாங்க அத்தை" என்று சொல்லி அதற்கு ஒரே ஒரு பொட்டு வைத்தீர்கள். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் மாதா படமும் ஏறியது. அன்றிலிருந்து சந்தனக் கிண்ணம் உங்கள் கையில்தான். எந்தச் சாமானாக இருந்தாலும் ஒரு பொட்டு, நடுவில், அழகாக.

அண்ணனுக்கு அந்த ஒன்று போதவில்லை. வண்டிக்கு வைத்தே பழகின கை அல்லவா? ஃபிரிட்ஜுக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் பொட்டு, நெட் பெட்டிக்குப் பொட்டு, டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு. நம் ஜெனியின் லேப்டாப்பை ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்து, மூடியில், ஓரத்தில், முன்விளிம்பில், திறந்து திரைக்கு மேலே என்று வரிசையாகப் பட்டையும் பொட்டுமாகப் போட்டார். முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வேறு. "அண்ணே, இது இன்னா ரோட்ல ஓடப் போவுதா?" என்று கேட்டேன். "நீ சும்மா இரு, பொண்ணு பொழப்பு இதுலதான் இருக்குது" என்றார்.

அது உண்மைதான் அண்ணி. பூஜைக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜெனிக்கு இன்டர்வியூ. சென்னையில் ஆபீஸ், முதலாளிகள் வெளிநாட்டுக்காரர்கள். விஜயதசமி லீவெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும்? வீட்டிலிருந்தே லேப்டாப்பில் டெஸ்ட் எழுதி, அதிலேயே முகம் பார்த்துப் பேச வேண்டும். நீங்கள் படுக்கையில் இருந்த நாளில் வந்த வேலையை வேண்டாமென்று விட்டவள். அதற்குப் பிறகு இத்தனை மாதம் கழித்து வந்திருக்கிற வாய்ப்பு இது. கைவிட்டுப் போனால் அவள் மனசு விட்டுவிடுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டித்தானே எடுப்போம்? அப்படி எடுத்துத் திறந்தால் நெட் வரவில்லை. திரையில் நெட் படத்தின்மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஜெனி லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். நெட் பெட்டியை அணைத்துப் போட்டாள். அதில் எல்லா விளக்கும் எரிகிறது. என் போனில் நெட் சரியாக ஓடுகிறது. அவள் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தாலும் லேப்டாப் எடுக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பாக இருக்குமோ என்றேன். "பாஸ்வேர்டு கேட்டாதானே அத்தை தப்பு ரைட்டு? நம்ம வீட்டு பேரே காட்ட மாட்டேங்குது" என்றாள்.

அண்ணன் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நெட் பெட்டியோடு ஒட்டி வைத்தார். "கிட்ட வச்சா இழுக்கும்." இழுக்கவில்லை. நெட்காரருக்குப் போன் போட்டால், "பொட்டியில லைட் எரியுதில்லைங்க? அப்ப லைன் நல்லாத்தான் இருக்குது. லேப்டாப்லதான் கோளாறு. இன்னிக்கு லீவுங்க, நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார். பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால், எல்லாக் கடையிலும் வாசலில் பூசணிக்காயை உடைத்துவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்கள். மணி பத்தைத் தாண்டிவிட்டது. பேஜாரு என்றால் அப்படி ஒரு பேஜாரு.

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "யாருப்பா உங்கள இதுக்கு தண்ணி போட்டுத் துடைக்கச் சொன்னது? உள்ள தண்ணி பூந்துக்கினு இருக்கும். அம்மா இருந்திருந்தா..." என்று ஜெனி கத்திவிட்டு, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் வெளியே போய், மாலை போட்ட வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். இவளைத் தேற்றுவதா, அவரைத் தேற்றுவதா? நீங்கள் இருந்தால் யாரிடம் முதலில் போயிருப்பீர்கள்?

ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அத்தை, இங்க பாருங்களேன். அப்பா கேமரா மேலயும் பொட்டு வச்சிருக்காரு" என்றாள். அழுகையிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நெட் வந்தாலும் வராவிட்டாலும் முகமாவது தெரியட்டும் என்று பஞ்சை நனைத்து எடுத்து வந்தேன். கேமராவைத் துடைத்தேன். அப்படியே மூடி, ஓரம் என்று எல்லாச் சந்தனத்தையும் எடுத்துவிட்டு, கடைசியில் முன்விளிம்பில் காய்ந்திருந்ததையும் துடைத்தேன்.

சந்தனத்துக்கு அடியில் ஒரு குட்டி விளக்கு, ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச், ஒரு பக்கமாகத் தள்ளிக் கிடந்தது. "ஐயோ அத்தை! வைஃபை சுவிட்ச்! இது ஒண்ணு இருக்குதுன்றதையே மறந்துட்டேன்!" என்று ஜெனி அதை மறுபக்கம் தள்ளினாள். விளக்கு நீலமானது. நம் வீட்டு நெட்டின் பெயர் திரையில் வந்து நின்றது. நான் அந்த மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், சரஸ்வதிக்கு முன்னாலேயே.

அண்ணன் அழுத்தித் துடைத்ததில் சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. அதன்மேல் பொட்டும் வைத்து மூடிவிட்டார். தண்ணீரும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்கி வந்தவர், நெட் வந்ததைப் பார்க்கவில்லை அண்ணி. துடைத்துக் கிடந்த லேப்டாப்பைத்தான் பார்த்தார். "பொட்ட பூரா அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலை நீங்கள் கேட்காமல் இருந்ததே நல்லது.

ஜெனி எழுந்து போய் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். "ஒண்ணு வைங்கப்பா. மூடி நடுவுல. அம்மா வைக்கிற எடத்துல." அண்ணன் விரலைச் சந்தனத்தில் தொட்டு வைத்தார். பொட்டு வட்டமாக விழுந்தது. நான் குங்குமம் வைத்தேன். "ஜல்தி உக்காரும்மா, நேரமாச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் போய் வாசலில் காவல் நின்றார். தெருவில் வெடி கொளுத்த வந்த ஆட்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது அண்ணி! ஜெனி இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். லேப்டாப் மூடியில் அந்தச் சந்தனம் உதிர்ந்து மஞ்சள் தடமாக இன்னும் இருக்கிறதாம். கூட இருக்கிற பெண்கள் கேலி செய்தாலும் துடைக்கவில்லையாம்.

அடுத்த வருஷமும் கிண்ணம் அண்ணன் கையில்தான் இருக்கும். நான் பக்கத்திலேயே நிற்பேன், எத்தனை பொட்டு வைத்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. உங்களுக்கு எழுதுகிறேன் என்று இப்போதுதான் அவரிடம் சொன்னேன். "லேப்டாப்ப நான் ஆப் பண்ணிப்புட்டேன்னு மட்டும் அவளுக்கு எழுதிடாத கலா. இனிமே ஒண்ணு போதும்னு கத்துக்கிட்டேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கலா