வண்டியை விற்கச் சொன்ன மகனுக்கு

வில்லாபுரம், மதுரை

அன்பு மகன் செல்வக்குமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மனைவியும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய் என்பதால் பேனாவை எடுத்தேன், முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல். தமிழ்ச்செல்வி இனிமேல் கார் ஓட்டக்கூடாது, வண்டியை விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னதிலிருந்து அவள் பேச்சே குறைந்துவிட்டது, வேலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அழகர்கோவிலில் கருப்பசாமி சன்னதிக்கு முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டோம், உன் பேயாண்டி சித்தப்பாதான் முன்னின்று செய்தார். எல்லோரும் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், இவரோ முன்னால் சூடம் எரிகிறது, அதை மிதிக்கக்கூடாது என்று பழங்களைப் பின்பக்கம் வைத்துவிட்டு, "பின்னாடி வா தாயி, இன்னும் வா, எம்புட்டு எடம் கெடக்கு" என்று வண்டியில் இருந்த தமிழ்ச்செல்விக்குக் கை காட்டினார். அவர் கண் பழத்தின் மேல் இருந்தது, கல்தூணைப் பார்க்கவில்லை. வண்டி தூணில் மோதி டிக்கிக் கதவும் பம்பரும் நசுங்கின, ஒரு விளக்கு உடைந்தது, பக்கத்தில் தேங்காய்க் கடை போட்டிருந்த சோணையம்மாளின் பலகையும் முறிந்து விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த அம்மாள், "சாமிக்கு ஒரு தேங்கா ஒடைப்பாகன்னு பாத்தா கடையவே ஒடச்சிட்டியேத்தா" என்று போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் இறங்கி, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, தேங்காய்களைப் பொறுக்கிக் கொடுத்து, வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். பூஜை போட்ட வண்டி உடைந்த விளக்கோடு வீடு வந்து சேரக்கூடாது, செல்லூரில் தெரிந்த பட்டறையில் தட்டி நிமிர்த்தி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொண்டுபோவோம் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். "கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தப் பாக்காம ஒரு ஆணியக்கூடத் தொடக்கூடாது மாமா, சரி பண்ணிட்டு எதக் காட்டிக் கேக்குறது" என்று மறுத்துவிட்டாள். அடுத்து அவர், இவள் மேல் உள்ள பாசத்தில்தான், "மகன் வைவான், நான் ஓட்டுனேன்னு எழுதிருத்தா" என்றார். "ஒங்க லைசென்ஸே காலாவதியாகிப் போச்சு மாமா, அப்படி எழுதுனா அஞ்சு காசு வராது. அதோட, ஓட்டுனது நாந்தானே" என்றாள். சித்தப்பாவை எதிர்த்துப் பேசி அவரையே சிரிக்கவும் வைத்த ஆளை நம் குடும்பத்தில் நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பாலிசியை எடுத்து வரிவரியாக விளக்கச் சொன்னேன். என் கான்வென்ட் ஆங்கிலத்துக்கு எல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான், ஆனாலும் இவள் சொன்ன பிறகுதான் விளங்கியது. தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு, சட்டப்படி கட்டாயம். அது மட்டும் இருந்தால் நம் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் வராது, அதற்கு ஓன் டேமேஜ் வேண்டும். ஐ.டி.வி. என்பது வண்டியின் இன்றைய மதிப்பு, திருட்டுப் போனாலும் அதற்கு மேல் தரமாட்டார்கள். பிரீமியம் குறையுமே என்று அதைக் குறைத்துப் போடச் சொன்னவன் நீ. ஜீரோ டெப் எதற்கு, வீண் செலவு என்றவனும் நீ. அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்களாம். நல்லவேளை, இரண்டிலும் அவள் உன் பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம் கட்டாயம் போடவேண்டிய சிறு தொகையோடு நம் செலவு முடிந்தது. கிளெய்ம் கேட்காத வருஷத்துக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் இந்தத் தடவை போய்விடும், அதையும் யோசித்துத்தான் கேட்டாள். சோணையம்மாளின் பலகைக்குக் கம்பெனி வழியாகப் போனால் கேஸ் அது இது என்று இழுக்கும், பாவம் அதுவரை அந்த அம்மாள் எங்கே கடை போடும் என்று மறுநாளே ஆசாரியிடம் சொல்லிப் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டாள்.

நேற்று வண்டி தயாராகி வந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு, "அவுக சொல்லட்டும் அத்தை, அப்பறம் எடுக்குறேன்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. உன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாள், அதற்குத் தகுந்தபடி நீயும் பேசவேண்டும். பம்பர் நசுங்கிய படத்தைத்தான் நீ பார்த்தாய், அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். இப்படி ஒருத்தி ஓட்டும் வண்டியில் உட்கார எனக்குப் பயமே இல்லை.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து, ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ என் ஆசீர்வாதம். அங்கே நீ ஓட்டும் வண்டியின் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படி. வெள்ளிக்கிழமை நான் கண் டாக்டரிடம் போகவேண்டும், ஆட்டோவுக்குச் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கே போன் செய்து வண்டியை எடு என்று உன் வாயால் சொல். நீ சொல்லாவிட்டால் சாவியை நானே அவள் கையில் கொடுத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

உன் அம்மா,
அன்னக்கொடி