அம்மை என்று நினைத்த சிவப்பு

அக்கா,

எதிர்வீட்டு வாசலில் இன்று காலை வேப்பிலை செருகியிருந்தார்கள். குழந்தைக்கு அம்மையாம். அந்தக் கசப்பு வாடை வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஊரெல்லாம் கும்பிடுகிற இலை, எனக்கு மட்டும் இந்த வயதிலும் பிடிப்பதில்லை. நாளெல்லாம் உன் நினைவுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. உன் காதுக்குள் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் போய், சென்னை டாக்டர் கொடுத்த மாத்திரையில் நீ தேறியிருந்தாய். மாட்டுக்கொட்டகைத் தூணில் உன்னைக் கட்டிவைத்த கயிற்றை உன் வீட்டுக்காரர், மாமா, அவிழ்த்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சோறாக்கினாய், பிள்ளைக்குத் தலைவாரினாய், என் மூக்கைக் கேலி செய்தாய். "மாத்திரை தின்னா அந்தப் பொம்பள வாய மூடிக்கினு கெடக்கறா" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்க நீயும் போன பருவத்தில் மாமா என்னைத் தேடி விழுப்புரத்துக்கு வந்தார். "உங்க அக்காவுக்கு அம்மை போட்டிருக்கும்மா. எங்க அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்ப மறுபடியும் தனியா பேசிக்கினு இருக்கா" என்றார். உன் புகுந்த ஊரான பெருமுக்கல் போய்ச் சேரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டைதான்.

இருட்டறையில் வேப்பிலைமேல் கிடந்தாய். முகம், கழுத்து, முன்கை எல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தன. உதடுகள் ஓயாமல் அசைந்தன. கொட்டகைத் தூணில் கயிறு மறுபடியும் தொங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வந்திருந்தேன்.

"அம்மா எறங்கியிருக்கா. இப்ப இங்கிலீஷ் மருந்து குடுத்தா பேரப்புள்ளையையும் சேத்து வாரிக்கினு போயிடுவா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் மாத்திரை கெடையாது" என்றார் உன் மாமியார். பெரியம்மையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது நீ ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாய். "இங்க பாருங்க அத்தே. வெயில் பட்ட எடத்துல மட்டுந்தான் செவந்திருக்கு. ரவிக்கைக்குள்ள வரமாட்டேன்னு அம்மன் சத்தியம் பண்ணாளா?"

துணி மூடிய இடமெல்லாம் தோல் சுத்தமாக இருந்தது.

"சாமியக் கிண்டல் பண்ணாதடி!" அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீ எழுந்தாய். தலை சுற்றியது போலும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் தாங்க வந்ததும் என் கையைத் தள்ளிவிட்டு முற்றத்துக்குப் போய், ஒரு குடம் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாய்.

"தண்ணி ஊத்திக்கினேன். இப்ப மாத்திரைய எடுங்க."

அத்தை அலறிக்கொண்டு பேரனை வாரி அணைத்தார். நீ ஒரு சத்தம் போட்டால் போதும், கட்டிவிடுவார்கள். அது உனக்கும் தெரிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றாய். கடைசியில் அத்தை சாமிப் படத்தின் முன்னால் வைத்திருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து என்னை நோக்கி வீசினார்.

கையில் வந்தும் நான் கொடுக்கவில்லை. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து விழுங்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. நீ கெஞ்சினாய். முக்காடு போட்டு உன்னைத் திண்டிவனத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

அவர் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அம்மை இல்ல. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வெயில் ஆகாது. நெழல்ல இருக்கணும், மூடிக்கணும். நீங்களா நிறுத்தனீங்க பாருங்க, அதுதான் ஆபத்து" என்றார். விட்டதைச் சேர்த்து விழுங்கக்கூடாது, குறைந்த அளவில்தான் திரும்பத் தொடங்க வேண்டும், படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும், கண் மஞ்சளித்தால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். பிறகு மாமாவிடம், "தூங்கறாங்களா? இன்னும் கொரல் கேக்குதா?" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். நானும் திறந்தேன்.

நீ முக்காட்டை விலக்கினாய். "எனக்குத்தானேங்க நோவு. என்னைக் கேளுங்க."

டாக்டர் நாற்காலியை உன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"புள்ளைய கெணத்துல போடுன்னு சொல்லிக்கினே இருக்கா. அவ ஜெயிக்கறதுக்குள்ள மாத்திரைய குடுத்துடுங்க."

அத்தனை நேரமும் நீ எதை அடக்கிக்கொண்டு நின்றாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா அழுதுவிட்டார். அந்தப் பிள்ளைதான் போன மாதம் தலை நரைத்து வந்து உனக்குக் கொள்ளி வைத்தான்.

இப்போதும் யாரையாவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால், அவர் நோயாளியை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை, அக்கா. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.