தெருவில் விழுந்த செங்கல்

ஐப்பசி, ஞாயிறு இரவு

மழைக்காற்றில் டிஷ் திரும்பிக்கொண்டதால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சாயங்காலம் மழை விட்டதும் ஸ்பேனரோடு மொட்டைமாடிக்குப் போனேன். கீழே டிவி முன்னால் நின்று என் மனைவி லட்சுமி சிக்னலைக் கத்திச் சொன்னாள்.

தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரில்தான் டிஷ்ஷை மாட்டியிருந்தோம். நட்டு துருப்பிடித்திருந்தது. பலம் கொண்டமட்டும் இழுத்தேன். டிஷ் திரும்பியது. கூடவே சுவரிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து தெருவில் விழுந்தது.

"வந்துடுச்சுங்க! படம் பளிச்சுன்னு இருக்கு, அப்படியே வுட்டுடுங்க!" என்று லட்சுமி கத்தினாள்.

பக்கத்து வீட்டுச் செல்வியின் குழந்தை அந்த நேரத்தில் எங்கள் வாசலில்தான் விளையாடும். எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அழுகை கேட்கிறதா என்று நின்றேன். கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இறங்கி ஓடினேன். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் மேல் செங்கல் கிடந்தது. சீட் பிளந்திருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி வெளியே வந்தாள்.

"இப்பதாண்ணா சோறு ஊட்டலாம்னு தூக்கிட்டுப் போனேன்" என்றாள்.

டிஷ்ஷைக் கழற்றி மாடி நடுவில் போட்டுவிட்டேன். செல்வியின் கணவன் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். என்ன சொல்வது? எப்படி ஆரம்பிப்பது?

வாசலில் பைக் வந்து நிற்கிறது. அவன்தான். எழுந்து போகிறேன்.